கரூஃபலியாவின் கடைக்கால்

விதவைக் கருப்பு உடுத்த கரூஃபலியா நேராகக் காப்பிக் கடைக்குள் நுழைந்ததும் சொக்கட்டான் காய்களின் சத்தம் நின்றது. எங்கள் ஊரில் பெண்கள் அந்தப் படியை மிதிப்பது யாராவது செத்தால்தான்.

"சார்ஜெண்டய்யா, என் நிலத்துல எவனோ பொணத்துக் கல்லைப் புதைச்சுட்டான்" என்றாள்.

ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜெண்ட் திரசீவுலோஸ் அவளுக்கு நாற்காலியை நகர்த்தினார். நாவிதர் பந்தெலிஸ் கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்த வழக்குக்கும் சார்ஜெண்டின் உதவியாளர் அவர்தான், நியமித்தவர் யாருமில்லை.

விஷயம் இதுதான். மகள் அசிமினாவுக்குச் சீதனம் வீடு. வீடு எழும்பினால்தான் கல்யாணம். பழங்கால நாடக அரங்குக்கு எதிரே கடைக்கால் தோண்டியபோது, பத்து நாளுக்கு முன், முழங்கால் ஆழத்தில் எழுத்து வெட்டிய கல்லறைக் கல் ஒன்று கிடைத்தது. தொல்லியல் துறை வேலையை நிறுத்திவிட்டுச் சோதனைக் குழிகள் வெட்ட ஆரம்பித்துவிட்டது. செத்து இரண்டாயிரம் வருஷமானவனுக்கு எங்கள் நாட்டில் உடனே இடம் காலி செய்து தருவார்கள். உயிரோடிருப்பவன் மனு போடலாம்.

"புதைச்சதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் சார்ஜெண்ட்.

"இருபது வருஷம் அங்க திராட்சைக்குக் கொத்தினாரு என் வீட்டுக்காரர். முழங்கால் ஆழத்துல கெடந்தா மம்பட்டியில முட்டாமலா இருக்கும்?"

பந்தெலிஸ் சார்ஜெண்டின் காதைக் கடித்தார். "காவலாளி ஸீஸிஸ். தொல்லியல் துறையோட கல்லுக் கிடங்குச் சாவி அவன்கிட்டதான்."

கிடங்கில் ஆதென்ஸிலிருந்து வந்த தொல்லியல் அதிகாரி இஸ்மினி கல்லைக் காட்டினாள். அதன் நீளம் ஒரு வாசலின் அகலம் இருக்கும். எழுத்துகள் பளிச்சென்று சுத்தமாக இருந்தன. இரண்டு எழுத்தின் ஆழத்தில் மட்டும் வெள்ளைப் பொடி. ஒரு பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி கலைந்து அப்பியிருந்தது.

"அந்தக் காலத்துல ஊர் எரிஞ்சப்போ பட்ட தீக்கறையா இருக்கும்" என்றாள் அவள்.

சார்ஜெண்ட் கரியில் விரலை வைத்துப் பிசுபிசுப்பைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"கிடங்குல ஏதாவது குறையுதா?"

"இல்ல. எல்லாத்துக்கும் செவப்பு நம்பர் போட்டிருக்கு. நேத்து எண்ணினேன், சரியா இருக்கு."

பந்தெலிஸின் முகம் வாடிப்போனது.

திரும்பும் வழியில் சார்ஜெண்ட் ஒவ்வொரு வாசலுக்கு மேலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். ஈஸ்டர் முடிந்து ஐந்து வாரம். ஈஸ்டர் இரவில் கோயிலிலிருந்து ஏற்றிக் கொண்டுவந்த மெழுகுவர்த்தியின் புகையால் இட்ட சிலுவை எல்லா நிலைகளின் மேற்கல்லிலும் இருந்தது. வருஷா வருஷம் அதே இடத்தில் இட்டு இட்டுத் தடித்துப்போன கருப்பு.

"குருவிக் கூடு தேடறீங்களா?" என்றார் பந்தெலிஸ்.

"காணாமப் போன கூட்டைத் தேடறேன்."

மறுநாள் மதியம் எல்லோரையும் அவர் ஸ்தாதிஸின் உணவுவிடுதிக்கு வரச் சொன்னார். ஸ்தாதிஸ் கரூஃபலியாவின் கொழுந்தன். கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். அவன் மேசைகளிலிருந்து பார்த்தால் அரங்கு முழுசாகத் தெரியும், நடுவில் அண்ணியின் காலி மனை.

"ஸ்தாதிஸ், உன் வாசல்ல சிலுவையைக் காணோமே."

"காத்துல மெழுகுவத்தி அணைஞ்சுபோச்சு, சார்ஜெண்டே."

"சரி, இந்த வருஷத்துது அணைஞ்சுது. போன வருஷத்துது எங்க? உங்க தாத்தா போட்டது எங்க?"

ஸ்தாதிஸ் மேசையைத் துடைத்தான். "வெள்ளையடிச்சேன்."

"இந்த ஊர்ல வெள்ளையடிக்கிறது ஈஸ்டருக்கு முன்னாடி. அதுவும் சிலுவையைச் சுத்தித்தான் அடிப்பாங்க, மேல பூச மாட்டாங்க." சார்ஜெண்ட் நாற்காலியில் ஏறிக் கத்தியால் சுரண்டினார். வெள்ளைக்கு அடியில் புது சிமெண்டு. "கிடங்குல இருக்கற கல்லு சரியா ஒரு வாசல் அகலத்துக்கு இருக்கு. எழுத்துல சுண்ணாம்பு. பக்கத்துல கரி. வெறகுக் கரி பொடியா உதிரும். இது பிசுபிசுன்னு தேன்மெழுகு வாசனை அடிக்குது. செத்த கிரேக்கன் ஈஸ்டர் கொண்டாடினானா? உன் வாசல் மேற்கல்லைக் கழட்டித்தான் அங்க புதைச்சிருக்க."

"எங்க ஊர்ல பழங்காலக் கல்லை எடுத்துத்தான் வீடே கட்டினாங்க, எந்த வீட்டை இடிச்சாலும் பாதிக் கோயில் வரும்" என்றார் பந்தெலிஸ், தானே கண்டுபிடித்ததுபோல.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல" என்றார் சார்ஜெண்ட். "வினிகர் ஊத்திச் சுண்ணாம்பைத் தேய்ச்சிருக்க. இன்னும் ரெண்டு தேய்ப்புல கரியும் போயிருக்கும். அதை ஏன் விட்ட?"

ஸ்தாதிஸ் சொன்னான்: "அது ஆண்டவரோட ஒளி. அதை எப்படித் தேய்க்கறது? கை வரல."

"அண்ணன் பொண்டாட்டி வயித்துல அடிக்க மட்டும் கை வந்துச்சாக்கும்" என்றாள் கரூஃபலியா.

"நீங்க ரெண்டு மாடி எழுப்பினா அரங்கு மறைஞ்சுடும் அண்ணி. வெளிநாட்டுக்காரன் என் மீனுக்கா வர்றான்?"

"மீனுக்கு வந்தவன் மறுபடி வந்ததில்ல" என்றார் பந்தெலிஸ்.

"அப்போ நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லலாமா?" கரூஃபலியா இஸ்மினியிடம் கேட்டாள்.

இஸ்மினி காப்பிக் கோப்பையைப் பார்த்தாள். "கல்லு பொய்யின்னு நான் எழுதித் தர்றேன். ஸ்தாதிஸ் மேல கேஸும் வரும். ஆனா நேத்து சாயங்காலம் மூணாவது குழியில, ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழ, வண்ணக்கல் பதிச்ச தரை வந்திருக்கு. பெரிய வீடு. அது பொய் இல்லம்மா."

"இந்தக் கல்லு வரலேன்னா அங்க குழி வெட்டியிருப்பீங்களா?"

"மாட்டோம். உங்க கடைக்கால் அவ்வளவு ஆழம் போயிருக்காது."

சார்ஜெண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாற்பது வருஷ வேலையில் இப்படி ஒரு வெற்றி அவருக்கு வாய்த்ததில்லை.

ஸ்தாதிஸுக்கு அபராதம் விதித்தார்கள், கட்டினான். அரசாங்கம் எடுத்துக்கொண்ட அந்த மனையில் இனி அரங்கை மறைக்க ஒரு மரம்கூட வைக்க முடியாது என்பதால் அவன் விடுதியில் மேசைகள் நான்கு கூடின. அசிமினாவின் மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள், மரியாதையாக, ஒரு டப்பா இனிப்போடு.

மனையைச் சுற்றி முள்கம்பி கட்ட வந்தவன் காவலாளி ஸீஸிஸ். கரூஃபலியா திராட்சை வேர் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மனை நடுவில் நின்றாள். அவன் கடைசிக் கம்பத்தருகே நெடுநேரம் காத்திருந்தான்.

"அக்கா, அரசாங்க எடம். இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றான்.

அவள் வந்தாள். பாவாடை கம்பியில் மாட்டாமல் இருக்க அவன் குனிந்து பிடித்துக்கொண்டான்.