பின் பாக்கெட் வேண்டாம்

"இது யாரோட வண்டி?"

கொட்டுகிற மழையில் ஒரு குரல். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள். கடைக்கு ஏறும் சரிவை அடைத்துக்கொண்டு அவளுடைய ஸ்கூட்டர். கீழே சக்கர நாற்காலியில் ஒருவன், தொப்பலாக நனைந்தபடி... கோபமான கண்கள்தான். ஆனால் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் வண்டியை நகர்த்தினாள். அதே வேகத்தில் நாற்காலியைத் தள்ளப் போனாள்.

"கேட்டுட்டுத் தள்ளணும், டெய்லரம்மா..."

"சரி, தள்ளட்டுமா பட்டாளத்தாரே?" அவன் கழுத்தில் தொங்கிய ராணுவ அடையாள அட்டையைப் பார்த்துவிட்டாள்.

குண்டு பட்டு முதுகுத்தண்டு போய் மூன்று வருடம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அக்கா வீட்டில் இருந்தபடி வரைபடம் திருத்துகிறானாம். தைக்கக் கொடுத்த பேன்ட்டில் பின் பாக்கெட் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னான். ஏன் என்று சொல்லவில்லை. அவள் கண்களுக்கு முன்னால் புண், மருந்து என்றெல்லாம் பேச அவனுக்குக் கூச்சம்.

அவளுக்கோ பின் பாக்கெட் இல்லாத பேன்ட் அரைகுறை வேலை. எல்லோருக்கும் போல இவனுக்கும் தைத்தால் என்ன? பட்டன் வைத்து இரண்டு பாக்கெட் தைத்தே விட்டாள். அவன் பாக்கெட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், நல்லா இருக்கு என்று வாங்கிக்கொண்டான்.

அதன்பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அதே பேன்ட்டில் வந்தான். ஒருநாள் கைக்குட்டை ஓரம் அடிக்க, ஒருநாள் சும்மாவே...

திடீரென்று வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தெருவில் எந்தச் சக்கரம் உருண்டாலும் அவள் கை தையலை விட்டு நின்றது. தன்னை மறந்துவிட்டானோ என்று வாசலையே பார்த்தாள்.

ஆறாவது வாரம் அவன் அக்கா வந்து அந்தப் பேன்ட்டை மேஜையில் போட்டாள். "உணர்ச்சியில்லாத உடம்பும்மா அது. பட்டன் அழுத்திப் புண்ணாகி, எலும்பு வரைக்கும் போயிடுச்சு. குப்புறப் படுத்தே கிடக்கான். இனிமே அவனை விட்டுடு."

அன்று மாலையே அவள் அந்த வீட்டு வாசலில் நின்றாள். வீங்கிய கண்களைப் பார்த்த அக்கா வழிவிட்டாள்.

அவன் சுவர்ப் பக்கம் முகம் திருப்பிக் கிடந்தான். இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம், போய்விடுங்கள் என்றான். அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு முகமும் நேருக்கு நேர்...

"வேண்டாம்னதைத் தைச்சது என் தப்பு. தெரிஞ்சே ஏன் போட்டீங்க?"

"நீங்க ஆசையா தைச்சது... பிரிச்சுக் குடுங்கன்னு கேக்க மனசு வரலை."

"நூறு தடவைன்னாலும் பிரிச்சிருப்பேனே..." அழுகை வெடித்தது.

"பாவம்னு வந்திருக்கீங்க. வேண்டாம்."

"பாவம் பாக்குறவ ஆறு வாரம் வாசலையே பார்த்துட்டு இருப்பாளா? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க இல்லாம முடியலை..."

அவன் கண்ணோரம் நனைந்தது. "பாதி உடம்புக்கு எதுவுமே தெரியாது. நீங்க தொட்டாக்கூடத் தெரியாது..."

அவள் உள்ளங்கையை அவன் கன்னத்தில் வைத்தாள்.

"இது தெரியுதா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியுது... எடுத்துடாதே."