பேசி முடிக்காத பாட்டு

டூகல் கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தத்தோடு அந்த ஒலிநாடாவின் பதிவு முடிந்திருக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்கி நிறுத்தியது லூயெல்லாவின் விரல்தான். ஆனால் இப்போது அதைத் திரும்பப் போட்டுக் கேட்கையில், டேப் ரெக்கார்டரின் சக்கரங்கள் நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. நாடாவுக்குள்ளே எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம்.

பிற்பகல் மணி மூன்று. ஜன்னலுக்கு வெளியே மிராமிஷி ஆற்றை மூடியிருந்த பனிமூட்டம் மெல்லக் கரையேறி வேலி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அடுப்பில் அவள் புருஷன் எமரிக்குப் பிடித்த, வெல்லப்பாகு ஊற்றிய பீன்ஸ் வாசனையோடு கொதித்தது. கல்யாணமாகி ஏழே மாதம். பனி உருகி ஆறு பெருகியதும் வெட்டிப்போட்ட மரங்களைத் தண்ணீரில் ஓட்டிப்போகும் வேலைக்கு அவன் காலையில்தான் கிளம்பினான். ‘சாப்பாட்டுக்கு வந்துடுவேன்’ என்று அவள் காதை லேசாகத் திருகிவிட்டுப் போனான்.

மூன்று வருஷமாக இந்தப் பாட்டின் பின்னால் அலைகிறாள், நாட்டுப்பாட்டு சேகரிக்கிற லூயெல்லா. மரம் ஓட்டப்போய் ஆற்றில் மூழ்கிய ஒருவனின் பாட்டு. கட்டியது யார் என்று மட்டும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் பெயரை வைத்துவிடுவார்கள். ஆனால் பாடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம்: கடைசி இரண்டு வார்த்தையைப் பாடமாட்டார்கள், குரலைத் தாழ்த்திப் பேசிவிடுவார்கள், பாட்டு முடிந்தது என்பதற்கு அடையாளமாக. இந்தப் பாட்டில் அந்த இரண்டு வார்த்தைதான் பெயர். பதினோரு பேர் பாடிப் பதிவு செய்திருந்தாள். பதினோரு முணுமுணுப்பு.

அதனால்தான் நேற்று, கால் உடைந்து ஆற்று வேலையை விட்ட பக்கத்து வீட்டு டூகலிடம் கெஞ்சினாள்.

“அண்ணே, கடைசியை வாய்க்குள்ள மெல்லாதீங்க. ராகத்தோடயே பாடுங்க. பேரு எனக்குத் தெளிவா வேணும்.”

“பேசித்தாம்மா முடிக்கணும். பேசினாத்தான் பாட்டு படுக்கும். இல்லேன்னா அடங்காம அலையும்.”

“அப்ப யாரு கட்டினதுன்னாவது சொல்லுங்க.”

“முங்கினவன்தான் கட்டினான். அங்க வேற யாரு இருந்தா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எமரி சிரித்தான். “இவகிட்ட தப்பிக்க முடியாதுண்ணே. எங்க கல்யாணமே இப்படித்தான் நடந்துச்சு.”

“உன் மூஞ்சிக்கு இதுவே அதிகம்டா,” என்றுவிட்டு டூகல் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். கடைசி அடி. ‘இந்தப் பாட்டைக் கட்டினவன், என் பேரு...’ ராகம் மேலே போய் நின்றது. வாய் திறந்திருந்தது. பெயர் வரவில்லை. மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. தேநீரைத் தொடாமல் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

“மறந்துட்டீங்களா அண்ணே?”

“மறக்கலம்மா. அந்தப் பேரு இருந்த இடம் காலியா இருக்கு.”

அதற்குப் பிறகுதான் கதவுச் சத்தம்.

இப்போது நாடாவில் தண்ணீர் சத்தம் பெருத்தது. மரத்தோடு மரம் மோதும் சத்தம். ஈர மரப்பட்டையின் வாடை அடுப்படி வரைக்கும் வந்து பீன்ஸ் வாசனையை அமுக்கியது. அப்புறம் ஒரு குரல், விட்ட ராகத்தைப் பிடித்துக்கொண்டு புதிதாகச் சில அடிகளைப் பாடியது.

‘மூணு மணி மூட்டத்திலே முன்ன ஏதும் தெரியலே,
காலடியில் கட்டை உருள, கரை கைக்கு எட்டலே,
கரண்டி பிடிச்ச கையோட அவ காத்திருக்கா வீட்டிலே...’

லூயெல்லாவின் கையில் கரண்டி இருந்தது.

எமரியின் குரல்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். சக்கரங்கள் நின்றன. குரல் நிற்கவில்லை. அது இப்போது வெளியிலிருந்து வந்தது. ஆற்றங்கரைப் பக்கமிருந்து. வேலியருகே. படியில்.

‘இந்தப் பாட்டைக் கட்டினவன், என் பேரு எமரி டோ...’

எமரி டோக் என்று முடிய வேண்டிய அவன் பெயர். முடியவில்லை. இழுத்துக்கொண்டே போனது. மூச்சு வாங்காமல். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மனிதனால் முடியாத நேரம்.

அந்த இரண்டு வார்த்தையைப் பேசினால் போதும், பாட்டு படுத்துவிடும். அவளுக்குத் தெரிந்தது. அதோடு எமரியும் சேர்ந்து படுத்துவிடுவான் என்பதும் தெரிந்தது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். பேசமாட்டேன். என் வாயால் பேசவேமாட்டேன்.

கதவு திறந்தது.

எமரி நின்றான். தலைமுடியில் மரப்பட்டை ஒட்டியிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. அதிலிருந்து ஆற்றுத் தண்ணீர், பழுப்பாக, சீராக, தாடை வழியே தரையில் கொட்டியது. தண்ணீருக்கு அடியிலிருந்து அந்த ராகம் அறாமல் வந்துகொண்டிருந்தது.

கண்கள் மட்டும் அவனுடையவை. அவை அவளிடம் கெஞ்சின.

‘சொல்லிடு.’

லூயெல்லா தலையை ஆட்டினாள். முடியாது என்று. தண்ணீர் அவள் கணுக்காலுக்கு ஏறியது. அவன் பாடிக்கொண்டே நின்றான்.