முதல் மடக்கு

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் காலையில் நீங்கள் குடிக்கும் தண்ணீர், நேற்று எதிர்வீட்டுக்காரர் குளித்த தண்ணீர். குளித்தது என்று மரியாதைக்குச் சொல்கிறோம். ஆனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. காரணம், செல்லாத்தாளின் கரி.

நிலக்கடலை ஓட்டையும் முருங்கைச் சக்கையையும் காற்றுப் படாமல் சுட்டு, நீராவியில் வாட்டினால், அந்தக் கரியில் கண்ணுக்குத் தெரியாத கோடித் துளைகள் விழும். சோப்பு, மருந்து, சாயம், நாற்றம் எல்லாம் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்ள, தண்ணீர் மட்டும் வெளியே வரும். துளைகள் அடைத்துக்கொண்டால் அது செத்த கரி; மறுபடி சுட்டால்தான் உயிர் வரும். பதம் பிடிபடுவதற்குள் செல்லாத்தாளுக்கு ஒன்பது வருடமும் இரண்டு புருவங்களும் போயிருந்தன.

குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தண்ணீர் எதுவானாலும், உண்டாக்கியவரே ஊர் கூடி நிற்க முதல் மடக்கைக் குடிக்க வேண்டும். தன் சரக்கைத் தானே நம்புகிறாரா என்று பார்க்கத்தான். செல்லாத்தாளின் கரிக்கு நாள் குறித்தபோது, நிர்வாகத் தலைவர் மாசிலாமணி மேடையேறி, குவளையைத் தானே எடுத்துக் குடித்துவிட்டார். அவள் அப்போது மேடைக்குப் பின்னால் குழாயைத் திறந்துகொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அது 'மாசிலாமணிக் கரி'.

"இவ இல்லாட்டி ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருக்க முடியாதுன்னு அந்தாளு ஊர் முன்னால சொல்லோணும். சொல்ல வெக்காம விடமாட்டேன்" என்றாள், குழாய்ப் பணியாளன் சென்னியப்பனிடம்.

"தண்ணியில கை வெச்சா வெளிக்கதவத் தொறந்து தள்ளிருவாங்கக்கா. காத்துச் சட்டைகூடக் குடுக்க மாட்டாங்க."

அவள் கேட்கவில்லை. தலைவர் மாளிகைக்குப் போகும் குழாயில் மட்டும் செத்த கரியை நிரப்பினாள். உயிருக்கு ஆபத்து வராத அளவை நான்கு முறை சோதித்துவிட்டுத்தான் செய்தாள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் யார் சொல்வது?

வாந்தி எடுத்துக்கொண்டு அவர் தன் வாசலுக்கு ஓடி வருவார் என்று காத்திருந்தாள். எவ்வளவு நேரம் கதவைத் திறக்காமல் நிற்க வைப்பது என்றுகூட முடிவு செய்திருந்தாள். நான்காம் நாள் அழைப்பு வந்தது, விருந்துக்கு.

மாசிலாமணி இளமஞ்சள் நிறக் குவளையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். மூன்று நாளாக வேறெதுவும் குடிக்கவில்லையாம்.

"என்ன கனம், என்ன மணம்! பூமியில தண்ணி இப்படித்தான் இருக்கும். நான் நேர்லயே போனவன் இல்லையா?" என்றார். போனவர்தான், ஆறு வயதில், இரண்டு நாள், விமான நிலைய விடுதியில். பக்கத்திலிருந்த ஆலோசகருக்கு அதில் மழைமண் வாசனை தெரிந்தது. கல்வி அதிகாரிக்கு மூங்கில். உண்மையில் அது மூன்றாம் தொகுதி வீட்டுக்காரர்களின் தலைமயிர்ச் சாயம்.

பூமியில் பிறந்தவர்கள் குடியிருப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். செல்லாத்தாளும் ஒருத்தி. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மாளிகையில் மட்டும் பூமி ருசியா என்று ஊர் மனுக் கொடுத்தது. பத்தே நாளில் எல்லாக் குழாய்களுக்கும் செத்த கரி என்று ஆணை வந்தது. சுத்தத் தண்ணீர் இனி நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் மட்டும்.

திறப்பு விழாவில் மாசிலாமணி இந்த முறை பெருந்தன்மை காட்டினார். செல்லாத்தாளைக் கைப்பிடித்து மேடையேற்றினார்.

"இவங்க இல்லைன்னா நாம ஒருத்தரும் இந்தத் தண்ணியில ஒரு வாய் குடிச்சிருக்க முடியாது."

அவள் கேட்க ஆசைப்பட்டது, அநேகமாகச் சொல்லுக்குச் சொல். பிறகு முதல் மடக்குக்கான குவளையை அவள் கையில் கொடுத்தார். மேடையோரக் குழாயருகே சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் வெளிக்கதவு. அவள் மூச்சைப் பிடித்துக் குடித்தாள்.

எப்படி இருக்கிறது என்று கேட்டார் தலைவர்.

"எங்க ஊரு ஆத்துத் தண்ணியேதானுங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவள் பொய் சொல்லவில்லை. சாயப்பட்டறைகளுக்குக் கீழ்ப்புறம் ஓடிய அந்த ஆற்றைத்தான் பன்னிரண்டு வயது வரை குடித்து வளர்ந்திருந்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு குவளையைச் சென்னியப்பனிடம் நீட்டினாள்.

"தலைவருக்கு ஊத்து. தளும்பத் தளும்ப ஊத்து."