பன்னிரண்டாம் குழியின் அச்சு

மார்ச் பதினொன்றாம் நாள், புதன்கிழமை. பன்னிரண்டாம் குழி பற்றிய அறிக்கை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. 'குழியை மண்ணிட்டு மூடுக' என்னும் ஒரே வரிதான் அதன் மேலட்டையில் இருந்தது. நான்கு ஆண்டுகள் வெயிலில் மண்டியிட்டுத் தோண்டிய அகழாய்வாளருக்குக் காரணம் சொல்ல இயக்குநருக்கு மனம் வரவில்லை.

அவள் அன்று காலையே ஆணையை மீறிவிட்டாள்.

அந்தக் குழிகளில் எலும்புகள் கிடைப்பதில்லை. புதையுண்ட உடல் முற்றிலும் மக்கிப்போய், சுற்றி இறுகிய மண்ணுக்குள் அதன் வடிவில் ஒரு வெற்றிடம் மட்டும் எஞ்சியிருக்கும். மேலே சிறு துளையிட்டு, உள்ளே பார்க்காமலே பிளாஸ்டரைக் கரைத்து ஊற்ற வேண்டும். இறுகியபின் மண்ணைச் செதுக்கினால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர் வெளிப்படுவார். அவள் வருவதற்கு முன் பதினொரு குழிகளில் எடுத்த அச்சுகள் என்னவாயின என்பதை அலுவலகத்தில் எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. அவற்றை ஊற்றிய பூச்சுக்காரர்களும் ஒருவர்பின் ஒருவராக வேலையை விட்டு நின்றுவிட்டார்களாம். ஆகவே, பூச்சு வேலை அறிந்த தன் தம்பியையே அவள் அழைத்து வந்திருந்தாள்.

கையைப் பார்த்து ஊற்றும்படி அவள் சொன்னதற்கு, பாதியோடு நின்ற இடக்கைச் சுண்டுவிரலை அவன் ஆட்டிக் காட்டினான்.

"நீ அன்னைக்குக் கதவப் பாத்து சாத்தியிருக்கணும் அக்கா. இப்ப வந்து எனக்குப் புத்தி சொல்ற."

சிறுவயதில் அவள் அறைந்து சாத்திய கதவு அது. இருபது ஆண்டுகளாகியும் அந்தக் கேலியை அவன் விடவில்லை. பிறகு வாளியை இருமுறை தட்டினான். தண்ணீர் வேண்டுமென்றாலும் வம்பு பேச வேண்டுமென்றாலும் அவளைக் கூப்பிட அவனுக்கு அந்த இரண்டு தட்டுகள் போதும்.

ஏழாவது வாளியில்தான் அவளுக்கு ஏதோ உறுத்தியது. கூழ் இறங்கும் ஓசை, பள்ளத்தில் நீர் வழிவதைப்போல் இல்லாமல், ஒரு வாய் விழுங்கி, சற்றே நின்று, மறுபடியும் விழுங்குவதைப்போல் கேட்டது. துளையிலிருந்து வெளியேறிய காற்றில் மண்ணின் வாடைக்குப் பதிலாகத் தம்பியின் சட்டையில் எப்போதும் வீசும் சோப்பின் மணம் இருந்தது. அவன் பக்கத்தில்தானே நிற்கிறான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பிளாஸ்டர் இறுகியதும், தம்பியிடம் தலைப்பக்கத்திலிருந்து மண்ணை எடுக்கச் சொல்லிவிட்டு, காவலரிடம் சாவி வாங்கிக்கொண்டு அலுவலகத்தின் நிலவறைக்கு இறங்கினாள். அங்கே மறைத்துவைத்திருப்பதாக அவள் சந்தேகித்த பழைய அச்சுகளை இன்றே படமெடுத்து ஊரறியச் செய்வதென்று முடிவுசெய்திருந்தாள்.

மூடியிருந்த துணிகளை விலக்கினாள். பதினொரு வெள்ளை உருவங்கள் குந்தியிருந்தன. எல்லா வலக்கைகளும், அங்கே இல்லாத ஒரு வாளியின் பிடியைப் பற்றியிருந்தன. எல்லா வாய்களும் திறந்திருந்தன. ஒவ்வொரு கழுத்திலும் குழி எண், ஆழம், காலம் எழுதிய அட்டை தொங்கியது; அதே நூலில் ஒரு பூச்சுக்காரரின் பணியாளர் அடையாள அட்டையும் தொங்கியது. முதல் அடையாள அட்டையின் படத்தைப் பார்த்தாள். உருவத்தின் முகத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள்.

வாசலில் இயக்குநர் நின்றிருந்தார்.

"மொதல் மூணையும் தற்செயல்னு நெனச்சேன்மா," என்றார்.

"மீதி எட்டு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துண்டால் அதைத் துடைத்தார்.

"பன்னிரண்ட ஊத்தியாச்சா? யாரு ஊத்துனது?"

"என் தம்பி."

அவர் அருகிலிருந்த பெட்டியின்மேல் மெல்ல அமர்ந்தார். "அவரத் தனியா விட்டுட்டா வந்தீங்க?"

ஓடினாள். படிகள். வராந்தா. கண் கூசும் பிற்பகல் வெயில். தகரக் கொட்டகை.

தம்பியை அழைத்தாள். கொட்டகையில் அவன் இல்லை. வாளியைக் காணவில்லை. அவனுடைய பூச்சுக் கரணை மண்ணில் செருகி நின்றது. குழியின் விளிம்பில் அவன் செருப்புகள், சோடியாக.

தலையும் மார்பும் இடக்கையும் மண்ணுக்கு வெளியே இருந்தன. வெள்ளை. ஈரம். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. கையைப் பார்த்தாள். நான்கு விரல்கள். பாதி விரல் ஒன்று.

பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், பிறகு ஆறிவிடும். ஊற்றி மூன்று மணி நேரமாகியிருந்தது. உள்ளங்கை இன்னும் சூடாக இருந்தது.

மார்புக்குள்ளிருந்து ஓசை. மெல்ல. இரண்டு தட்டு.

அந்த அச்சு இன்று நிலவறையில் பன்னிரண்டாவதாகக் குந்தியிருக்கிறது. அவளுடைய அறிக்கை நான்காம் முறையாகவும் திரும்பி வந்துவிட்டது. இயக்குநர் காரணத்தை எழுதாமலே ஓய்வுபெற்றார். ஒன்றும் அறியாத புதியவர், பதின்மூன்றாம் குழிக்குப் பூச்சுக்காரர் தேவையென விளம்பரம் கொடுத்திருக்கிறார். இதைப் படிக்கும் நீங்கள் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கும்வரை உங்கள் வீட்டிலிருந்து எவரையும் அனுப்பாதீர்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால், முதலில் நிலவறைக்குச் சென்று, பன்னிரண்டாம் உருவத்தின் மார்பில் காதை வைத்துக் கேளுங்கள்.