பட்டாணியின் தோளில் ஒற்றைக் கோடு

பூனை பட்டாணிக்குத் தோளில் மறுபடியும் காயம். ஆறிக்கொண்டிருந்த பக்கு பிய்ந்து ரத்தம் கசிந்தது.

"எல்லாம் அடுத்த வீட்டு குர்ஷித் பேகத்தோட கடுவன் பூனை வேலை!" என்று குதித்தார் தமிழ்நிலாவின் அப்பா ராயப்பராஜ். "வீடு பூராம் ரத்தக்கறை. ஞாயித்துக்கெழம எரியோட்டுல இருக்குற உங்க சித்தப்பா வீட்டுல இதை விட்டுட்டு வந்துர்றேன்."

தமிழ்நிலா பட்டாணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குட்டியிலிருந்து அவள் வளர்த்த பூனையாயிற்றே! 'அழுதா காயம் ஆறிருமா?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அப்பா தைலப் புட்டியைத் திறந்தார்.

"ஐயோ, வேணாம்ப்பா! நக்குனா வயித்துக்குள்ள போயிரும். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னாருல்ல?"

கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பட்டாணி தெருவே அதிரக் கத்தியது.

"இம்புட்டுக் காயத்துக்கு அம்புட்டுச் சத்தமா?" என்றாள்.

துடைத்ததும் உற்றுப் பார்த்தாள். காயம் நேராக ஒரே கோடாக இருந்தது. பட்டாணி எப்போதோ பிறாண்டிய தழும்பு அவள் கையில் இருந்தது. அதில் மூன்று கோடுகள்!

"அப்பா, இது நகம் பட்டது இல்ல."

"ஆமா, இவ பெரிய போலீசு!"

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டாணியின் பின்னாலேயே அலைந்தாள். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தாள். அது சுவர் தாண்டியதும் இவளும் சுவரில் தொற்றினாள்.

"ஏம்மா நிலா, செவுத்துல தொங்கிக்கிட்டு என்ன பண்றே?" என்று கேட்டார் குர்ஷித் பேகம்.

"உங்க கடுவன் எங்க பட்டாணிய அடிக்குதான்னு பாக்குறேன், அத்தை."

"அல்லாவே! நீயே பாரு."

இரண்டும் ஒரே தட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தன.

குடித்து முடித்த பட்டாணி சுவரேறிக் குதித்தது. கொல்லைக் கதவின் அடிச்சந்தில் நுழைந்து, 'மியாவ்!' என்று அலறியது. தமிழ்நிலா ஓடிப்போய்க் குனிந்தாள். பெருச்சாளி கதவைக் கடித்துவிடக் கூடாதென்று அப்பா எண்ணெய் டின்னை வெட்டி அடியில் அடித்த தகரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் பட்டாணியின் முடி ஒட்டியிருந்தது!

சுத்தியலைத் தேடி எடுத்தாள். விளிம்பை மடக்கித் தட்டினாள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் வைத்து ஆணி அடித்தாள். ஓர் அடி ஆணியில் விழுந்தால் அடுத்த அடி விரலில் விழுந்தது. ஆனாலும் விடவில்லை. தினமும் காயத்தையும் துடைத்துவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த அப்பா கூடையை எடுத்தார். பட்டாணியைத் தூக்கியவர் திகைத்தார். தோளில் காய்ந்த பக்கு மட்டுமே இருந்தது.

"அட! கடுவன் திருந்திருச்சா?"

தமிழ்நிலா அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கதவைக் காட்டினாள். அப்பா தகரத்தைத் தடவினார், டியூபைத் தடவினார், கடைசியில் தன் மீசையைத் தடவினார்.

"நான் அடிச்ச தகரமா வெட்டுச்சு?"

"ஆமாப்பா."

அவர் முகம் வாடிப்போனது. கூடையை ஓரமாக வைத்துவிட்டு, பட்டாணியை மகளின் மடியில் விட்டார்.

"இது இங்கதான் இருக்கும், கண்ணு. செத்த நேரம் இரு, பேகத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்."

தமிழ்நிலா பட்டாணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், அந்தத் தோளை மட்டும் தொடாமல்.