நிகோலின் கையில் கொடுத்த காபி

திலா உள்ளே வந்தபோது கோலா ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். ரோமில் தஞ்சம் புகுந்திருந்த அல்பேனியர்களில் யாருக்கு என்ன தொல்லை என்றாலும் பிரெங்கின் அறைக்குத்தான் வருவார்கள். அவர் அல்பேனியாவின் ஷ்கோதர் நகரில் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்த மலைக்காரர். கோலா பட்டணத்துப் பத்திரிகைக்காரன். அவர் துப்பறிந்தால் இவனுக்குக் கால் தரையில் பாவாது.

“பொழுது சாஞ்சதும் இங்கிலீஷ் துரைங்க என் புருஷனையும் இன்னும் சில பேரையும் விமானத்துல ஏத்தி நம்ம மலையில குதிக்க விடப்போறாங்க அண்ணே” என்றாள் திலா. “அங்க இருக்குற கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்க்கப் போறாங்களாம். நீங்கதான் விசாரிச்சுச் சொல்லணும்.”

“ரகசியத் திட்டம்னாங்க. ரொட்டிக் கடைக்காரன் என்கிட்ட விலாவாரியா சொல்றான்” என்றான் கோலா.

பிரெங்க் சிரிக்கவில்லை. “முன்னாடி குதிச்சுட்டுத் திரும்பி வந்த லேக்கை நம்பித்தானே அனுப்புறாங்க? அவன் என்ன சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லு.”

“மலையில நம்ம நிகோல் மாமா வீட்டுல தங்கினானாம். அவர் மகனைச் சுட்டுக் கொன்ன பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் மீசையை முறுக்கிட்டுத் திரியுறானாம். மாமா வீடு நிறைய ஆளுங்களாம். அத்தனை பேர் முன்னாடி முதல் காபியை மாமா கையிலதான் கொடுத்தாங்களாம். ‘ஆளை அனுப்புங்க, மலையே தயார்’னு மாமா சொல்லி விட்டாராம்.”

“காபி கொடுக்கக்கூட உங்க மலையில சட்டம் வெச்சிருப்பீங்களே” என்றான் கோலா.

பிரெங்க் சட்டென்று எழுந்தார். தொப்பியைக்கூட எடுக்காமல் படியிறங்கினார். கோலாவும் திலாவும் பின்னால் ஓடினார்கள்.

அகதிகள் கூடும் காபிக்கடையில் லேக் இருந்தான். சுற்றிலும் மலையூர்ப் பெரியவர்கள் வெற்றிக் களிப்பில் இருந்தார்கள். பிரெங்க் நின்றபடியே பேசினார்.

“மகனைக் கொன்னவனை உயிரோட விட்டு வெச்சிருக்குற தகப்பனுக்கு எங்க மலையில யாரும் கையில காபி கொடுக்க மாட்டாங்க. முழங்காலுக்கு அடியில நீட்டுவாங்க. பழி தீர்க்குற வரைக்கும் அந்த அவமானம் போகாது. லேக் சொன்ன மாதிரி அந்த வீட்டுல காபி கொடுத்திருக்கவே முடியாது.”

கோலா துள்ளினான். “அப்போ இவன் மலைக்காரனே இல்ல. வேஷக்காரன்.”

“என் பக்கத்து ஊர்க்காரன்டா இவன். இந்த வழக்கம் இவனுக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சேதான் சொல்லியிருக்கான்.”

லேக் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “குதிச்ச இடத்துலயே சர்க்கார் போலீஸ்காரங்க பிடிச்சிட்டாங்க. நிகோல் மாமாவை என் கண்ணு முன்னாடி தூக்குல போட்டாங்க. என் பிள்ளைங்க அவங்க கையில. இங்க யாரு அவங்க உளவாளின்னு எனக்கே தெரியாது, வெளிப்படையா சொல்ல பயம். அவங்க சொல்லிக் கொடுத்ததை ஒப்பிச்சேன். காபி மட்டும் நான் சேர்த்தது. துரைங்களுக்குப் புரியாது, நம்ம ஆளுங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்.”

திலா பெரியவர்களிடம் ஓடினாள். “விமானத்தை நிறுத்தச் சொல்லுங்க.”

“மழை வருதுன்னு சீக்கிரமே கிளப்பிட்டாங்கம்மா” என்றார் தோமா என்ற கிழவர். “இறங்குற வரைக்கும் ரேடியோவுல பேசக்கூடாதுன்னு உத்தரவு.”

பிரெங்க் அவரைப் பார்த்தார். “நீங்க எல்லாரும் மலைக்காரங்க. இதே மேஜையில இவன் சொல்லியிருக்கான். ஒருத்தருக்குமா உறைக்கல?”

தோமாதான் பதில் சொன்னார்.

“எனக்கு உறைச்சுது. ஊருக்குப் போயிடலாம்ங்கிற ஆசையில, வழக்கம் மாறிப்போச்சு போலன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். என் மகனையும் நானே கூட்டிட்டுப் போய் ஏத்தி விட்டேன்.”