எங்க வீட்டுப் பெரியவருக்காக ஒரு ஜெபம்

அந்த வீட்டில் அடுப்பு பற்றுவதற்கு முன்னால் மாமியார் ஜெபித்து முடித்தாக வேண்டும். அன்று காலையும் எல்லோரும் கூடத்தில் முழங்கால் போட்டிருந்தார்கள். உலக சமாதானம், சபை ஊழியர்கள், இளைய மகனின் வேலை என்று எங்கெங்கோ சுற்றி வந்த ஜெபம், கடைசியில் வழக்கம்போல மூத்த மருமகளின் தலையில் வந்து இறங்கியது.

"ஆண்டவரே... இந்த வீட்டு மூத்த மருமகளோட அடைபட்ட கர்ப்பத்தைத் திறந்தருளும்! என் பிள்ளை அப்பாவி... அவனோட வெட்கத்தை நீக்கிப் போடும்!"

நேருக்கு நேர் திட்டினால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கிறவளை யார் இடைமறிப்பது? மாமியாருக்கு அந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும். மூத்தவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அவள் கணவனும் மூடிக்கொண்டுதான் இருந்தான். அவன் மூடியதற்குக் காரணம் வேறு.

குறை அவனுக்குத்தான். இருவரையும் உட்காரவைத்து டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவன் தேம்பித் தேம்பி அழுததைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "யாருக்கும் தெரிய வேண்டாங்க... கேட்டா எனக்குன்னே சொல்லிக்கறேன்" என்று அவளாகவே ஏற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் அவளுக்குத்தான்.

போன வாரம், மாமியாரின் வாய் எல்லை மீறிய ஒரு நாள், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தவளை இளைய மருமகள் பார்த்துவிட்டாள். "என்னக்கா... என்கிட்டயும் சொல்லக் கூடாதா?" என்று கையைப் பிடித்தாள். அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது கொட்டிவிட்டது. இளையவளும் சேர்ந்து அழுதாள். "அழாதீங்கக்கா. நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மூத்தவளுக்குப் பாதிப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினாள், பாவம்.

அன்று காலை ஜெபம் முடிந்து வேலைக்குப் போன மூத்தவளின் கணவன் மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்தான். லேத் பட்டறை எண்ணெய் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. நேராகத் தையல் மிஷினில் இருந்தவள் முன்னால் வந்து நின்றான்.

"யார்கிட்டடி சொன்ன?"

"எதைங்க?"

"நடிக்காத! ஃபோர்மேன் எல்லார் முன்னாடியும் என் தோள்ல கையைப் போட்டுச் சொல்றாரு... 'கவலைப்படாத தம்பி, உன் குறைக்காக எங்க வீட்டம்மா உபவாசம் இருக்கா'ன்னு! பட்டறையே திரும்பிப் பாத்துச்சு! என் மானத்தை வாங்கிட்டியே!"

மூத்தவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். ஈரக் கையோடு வாசற்படியில் நின்ற இளையவளின் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல! ஜெபக்கூட்டத்துல எல்லாரும் ஜெபிக்கட்டும்னு ஜெபக் குறிப்பாத்தான் கொடுத்தேன். அத்தான் பேரைக்கூடச் சொல்லலக்கா... 'எங்க வீட்டுப் பெரியவரு'ன்னுதான் சொன்னேன்!"

மாமனார் இறந்து வருஷங்கள் ஆகின்றன. அந்த வீட்டில் பெரியவர் என்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். ஃபோர்மேனின் மனைவி உட்பட ஜெபக்கூட்டத்துப் பெண்கள் அதைக்கூட யூகிக்கத் தெரியாதவர்களா?

"ஏண்டி, ஆண்டவருக்குக் காது கேக்காதா? நீ அவர்கிட்ட பேசறதுக்கு நடுவுல அத்தனை பொம்பளைங்க எதுக்கு?" மூத்தவளின் குரல் உடைந்தது. "எனக்காக ஜெபிக்கிறேன்னியே... உன் கையைப் பிடிச்சு அழுதேனேடி..."

"நிறையப் பேர் ஜெபிச்சா சீக்கிரம் பதில் கிடைக்கும்னு நெனைச்சேன்க்கா..."

அவள் மெய்யாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தாலாவது வெறுத்துவிட்டுப் போகலாம்.

சத்தம் கேட்டு மாமியார் வந்தாள். "என்ன குறை? யாருக்குக் குறை?"

கணவன் மனைவியைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா... இவதான் தன் குறையை மறைக்க என் மேல பழி போட்டிருக்கா."

மூத்தவள் தையல் மிஷினை விட்டு எழுந்தாள். இளையவள் தெரியாமல் காட்டிக்கொடுத்தாள். இவன் தெரிந்தே காட்டிக்கொடுக்கிறான். யாருக்காக மலடி என்ற பட்டத்தைச் சுமந்தாளோ, அவனே!

"அடிப்பாவி! என் பிள்ளை மேலயா?" மாமியார் மார்பில் அறைந்துகொண்டாள். "முழங்கால் போடுங்க எல்லாரும்! ஆண்டவர் முன்னாடியே தீர்த்துக்கலாம்!"

"இருங்க அத்தை." மூத்தவளின் குரல் நிதானமாக இருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் நான் ஜெபம் பண்றேன்."

எல்லோரும் மண்டியிட்டார்கள். சொல்லிவிடப் போகிறாள் என்று கணவன் கண்ணை மூடாமல் அவளையே பார்த்தான்.

"ஆண்டவரே... உமக்கு எல்லாம் தெரியும். நான் ஒண்ணும் புதுசா சொல்லப் போறதில்ல. இவரு ரொம்பப் பயந்து போயிருக்காரு... அந்தப் பயத்தை எடுத்துப் போடும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஆமென்."

அவ்வளவுதான். யாரையும் குற்றம் சொல்லாத ஜெபத்தை அந்தக் கூடம் அன்றுதான் கேட்டது. அடுத்த நொடி அவன் நெற்றி தரையில் மோதியது.

"அம்மா! குறை எனக்குத்தாம்மா! என் மானத்தைக் காப்பாத்தத்தான் இவ இத்தனை வருஷம்... நான் பாவிம்மா!"

மாமியார் முழங்காலாலேயே நகர்ந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "உன்னைக் குத்தறதுக்கு ஆண்டவரைக் கூட்டு சேத்துக்கிட்டேனே, என் கண்ணு... தினம் தினம் குத்தினேனே!" மூத்தவளும் அந்தத் தோளில் முகம் புதைத்து அழுதாள். இளையவள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

அழுது முடித்ததும் மூத்தவள் எழுந்து பையில் துணிகளை எடுத்து வைத்தாள்.

"போகாத... உன் கால்ல வேணாலும் விழறேன்" என்றான் கணவன்.

"கோபத்துல போகலங்க. உங்க அம்மா கேட்டதும் யோசிக்காம என்னைத் தூக்கிக் கொடுத்தீங்களே... அது ஆற வேணாமா? எங்க அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கேன்."

"நான் என்ன செய்யட்டும்?"

"எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

அவன் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான். தெரு முனையில் ஃபோர்மேனின் மனைவி எதிரே வந்தாள். "என்ன தம்பி, பையோட எங்க? உங்களுக்காகத்தான் எல்லாரும் ஜெபிச்சிட்டிருக்கோம்..."

அவன் நின்றான். முகம் சிவந்தாலும் உரக்கவே சொன்னான்.

"குறை என்கிட்டதாங்க. எல்லாரும் இவளைச் சொன்னப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்காக ஜெபிங்க."

பஸ் வந்தது. மூத்தவள் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க."